நீளத் துப்பாக்கிக் குழலுக்கு மெதுவா எரியற வெடிமருந்து தான் வேணுமா? மாமாவோட ஸ்வீடன் மவுசர் கேஸ்

மாமா நோட்டுல அந்த பக்கத்துல சிவப்பு பேனாவால "மொவே"ன்னு எழுதி அடியில ரெண்டு கோடு வேற இழுத்து வெச்சிருந்தாரு, பிரெஞ்சுல மோசம்னு அர்த்தமாம். முத்தியால்பேட்டை வீட்டு மொட்டை மாடி, ஜனவரி சாயந்திரம், அத்தை கீழ வடை சுட்டுட்டு இருக்காங்க, இவரு அந்த நோட்டை என் மடியில தூக்கி போட்டுட்டு "டேய் மாப்ள, நீ தான் தினம் நெருப்போட குடும்பம் நடத்துறவன் ஆச்சே, இது ஏன் இப்படி ஆச்சுன்னு பாத்து சொல்லு"ன்னாரு. அங்க ஆரம்பிச்சது இந்த கதை, முடியறதுக்கு ஒரு வருஷம் ஆச்சு.

என்னை பத்தி ரெண்டு வரி. கடலூர் சிப்காட்ல ஒரு ஃபேக்டரில பாய்லர் ஓட்டுறேன். துப்பாக்கி சுட்டதே கிடையாது, என்சிசில ரெண்டு ரவுண்டு சுட்டதை கணக்குல சேக்க மாட்டேன். மாமா எங்க அம்மாவோட தம்பி, பாண்டிச்சேரில சொல்தான்னு சொல்வோமே அந்த ரகம், பிரெஞ்சு ராணுவத்துல இருந்து பென்ஷன் வாங்கிட்டு பிரான்ஸ்ல ஃப்ரெஜுஸ் பக்கம் செட்டில் ஆகிட்டாரு, வருஷத்துக்கு ஒரு தடவை குளிருக்கு பயந்து இங்க ஓடி வருவாரு. அங்க ஒரு சுடற கிளப்புல மெம்பர். லைசென்ஸ் இருக்கறதால கடையில மருந்து, ப்ரைமர் (மருந்தை பத்த வைக்கற சின்ன மூடி), குண்டு எல்லாம் வாங்கி வீட்லயே தோட்டா கட்டிக்கிறாரு, அந்த ஊர்ல அது சட்டப்படி சரி. இங்க யாரும் கை வெச்சிடாதீங்க, 1959 ஆயுத சட்டப்படி லைசென்ஸ் இல்லாம தோட்டா தயாரிக்கறதே குத்தம், தோட்டாவோட பாகமும் அதை செய்யற மெஷினும் கூட தோட்டா கணக்குல தான் வரும். அதனால இங்க வந்தது நோட்டு மட்டும் தான். இன்னொண்ணு, எவ்ளோ மருந்து போட்டாருன்னு ஒரு இடத்துலயும் எழுத மாட்டேன், அது மருந்து கம்பெனி புக்ல பாக்க வேண்டிய விஷயம், அடுத்தவன் சொல்லி கேக்கற விஷயம் இல்ல.

துப்பாக்கி என்னன்னா ஸ்வீடன் ராணுவத்தோட 1896 மாடல் மவுசர், 6.5×55 தோட்டா போடறது. பேரல், அதாவது குழல், 739 மில்லிமீட்டர், முக்கால் மீட்டர்னு வெச்சுக்கோங்க. மாமா அதுல 140 கிரெயின் குண்டு சுடுவாரு, நம்ம கணக்குல 9 கிராம். ரொம்ப நாளா ஃபின்லாந்து விஹ்தாவுவோரி கம்பெனி மருந்துல என் 140ங்கற (இங்கிலீஷ் எழுத்து N) ரகம் போட்டுட்டு இருந்தாரு. அந்த வரிசையில என் 140, என் 150, என் 160, என் 165, என் 170ன்னு நம்பர் ஏற ஏற மெதுவா எரியும். எல்லாம் நல்லா தான் போயிட்டு இருந்துச்சு. அப்ப தான் கிளப்புல ஒருத்தர் வந்து, "இவ்ளோ நீள பேரல் வெச்சுகிட்டு இந்த மருந்தா? குண்டு பாதி தூரம் போகறதுக்குள்ள இது எரிஞ்சு தீந்துடும், மீதி குழல் சும்மா தான் கெடக்குது, நல்லா ஸ்லோவான மருந்தா போடு, கடைசி வரைக்கும் தள்ளும்"னு சொல்லிட்டாரு.

கேக்க எவ்ளோ நியாயமா இருக்கு பாருங்க. எனக்கும் முதல்ல கேட்டப்ப சரின்னு தான் பட்டுச்சு. மாமா உடனே படிப்படியா போகாம ஒரேடியா நாலஞ்சு படி தாண்டி மேக்னம்னு சொல்ற பெரிய தோட்டாக்குன்னே இருக்கற ஒரு ரொம்ப ஸ்லோ மருந்தை வாங்கிட்டாரு. பேர் வேணாம், மருந்து மேல தப்பு எதுவும் இல்ல. அவர்கிட்ட இருந்த பழைய புக்ல இந்த குண்டுக்கு அதுக்கும் டேட்டா இருந்துச்சு, அதுல சொன்ன மாதிரி கீழ இருந்து ஆரம்பிச்சு கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி மேல் எல்லை வரைக்கும் போனாரு, அந்த விஷயத்துல மாமா கெட்டி, ராணுவத்துல இருந்தவரு, அளவுல விளையாட மாட்டாரு.

ரிசல்ட்டு? ஸ்பீடு ஏறல, இறங்கிடுச்சு. பழைய மருந்தை விட கம்மி. அதுவும் ஒரு குண்டுக்கும் அடுத்த குண்டுக்கும் ஏணி வெச்சாலும் எட்டாத வித்தியாசம். சுட்டு முடிச்சு போல்ட்டை (பின்பக்க மூடி) தொறந்தா குழலுக்குள்ள எரியாத மருந்து குச்சி குச்சியா கெடக்குது. மாமா சும்மா விடல, முதல்ல ப்ரைமர் மேல சந்தேகப்பட்டு இன்னும் பலமா பத்த வைக்கற மேக்னம் ப்ரைமர் மாத்துனாரு, கொஞ்சம் தேறுச்சு, பத்தல. அப்புறம் ஸ்பீடு மீட்டர் பொய் சொல்லுதுன்னு கிளப்புல இன்னொருத்தரோட மீட்டர் வாங்கி வெச்சு பாத்தாரு, அதுவும் அதையே தான் சொல்லுச்சு. கடைசில நூறு வருஷத்துக்கு மேல ஆன துப்பாக்கி, பேரல் தேஞ்சு போச்சுன்னு முடிவு பண்ணி, அந்த சிவப்பு மொவே.

நான் நோட்டை புரட்டறேன், ஸ்பீடு நம்பர் எல்லாம் எனக்கு ஒண்ணும் சொல்லல. ஆனா ஓரத்துல பென்சில்ல சின்னதா ஒண்ணு எழுதியிருந்தாரு, "கூட்டு கழுத்து வெளிப்பக்கம் கருப்பு". நாலு பக்கத்துலயும் அதே. "இது என்னா மாமா?"ன்னேன். "அது ஒண்ணுமில்லடா, பித்தளை கூடு வெளிய வரும்போது கழுத்து பக்கம் கரி புடிச்சிருக்கும், துடைச்சா போயிடும்"னாரு. பழைய மருந்துல அப்படி இருந்துச்சான்னு கேட்டேன். யோசிச்சாரு. இல்லன்னாரு.

எனக்கு அங்க தான் பொறி தட்டுச்சு. பாய்லர்ல கேஸ்கெட் இருக்கே, சரியா அழுந்தலன்னா ஓரத்துல கசிஞ்சு கருப்பு கோடு விழும். தோட்டா கூட்டுக்கும் அதே தான், வெடிக்கற அழுத்தத்துல பித்தளை உப்பி சேம்பர் (துப்பாக்கில தோட்டா உக்கார்ற குழி) சுவத்தோட ஒட்டிக்கும், அது தான் சீல். அழுத்தம் பத்தலன்னா கழுத்து சரியா ஒட்டாது, புகை பின்னாடி வரும், கரி புடிக்கும். ஆக பேரல் தேஞ்சு போகல, உள்ள அழுத்தமே ஏறல. எரியாத மருந்து, தாறுமாறான ஸ்பீடு, கழுத்து கரி, மூணுக்கும் ஒரே காரணம்.

அழுத்தம் ஏன் ஏறலன்னு புரிய மருந்து எப்படி எரியுதுன்னு பாக்கணும். எங்க பக்கம் சவுக்கு தோப்பு ஜாஸ்தி. சவுக்கு மிலாறை அடுப்புல போட்டா குப்புனு புடிச்சு அஞ்சு நிமிஷத்துல சாம்பல், அதே எடை சவுக்கு கட்டை போட்டா ஒரு மணி நேரம் நிக்கும். மரம் ஒண்ணு தான், நெருப்பு படற பரப்பு தான் வேற. துப்பாக்கி மருந்தும் அப்படித்தான், மேல் பரப்புல இருந்து உள்ள தின்னுகிட்டே போகும். அதனால மணியோட சைஸ், நடுவுல ஓட்டை இருக்கா, மேல பூச்சு பூசி ஆரம்ப எரிச்சலை அடக்கியிருக்கானா, இதை வெச்சு தான் ஃபாஸ்ட், ஸ்லோன்னு பிரிக்கறது. ஓட்டை போட்ட குச்சியா இருந்தா வெளிப்பக்கம் சுருங்க சுருங்க உள் ஓட்டை பெருசாகிட்டே வரும், அதனால எரியற பரப்பு சட்டுனு குறையாது. புகையில்லாத மருந்தை முதல்ல ஒழுங்கா செஞ்சது பிரெஞ்சுக்காரர் பால் வியேய், 1884ல, அதை வெச்சு தான் 1886ல லெபெல் துப்பாக்கி வந்துச்சு. மாமா இதை சொல்லும்போது நெஞ்சை நிமித்திக்குவாரு, என்னமோ அவரு தாத்தா கண்டுபுடிச்ச மாதிரி.

வியேய் சொன்ன இன்னொரு விஷயம் தான் இந்த கேஸுக்கு சாவி. மருந்து எரியற வேகம் ஒரே மாதிரி நிக்காது, சுத்தி இருக்கற அழுத்தம் ஏற ஏற எரியறதும் வேகமாகும். பாய்லர்ல ஸ்டீம் பிரஷர் ஏறுனா ஃபர்னஸ் நெருப்புக்கு அதை பத்தி கவலை இல்ல, ரெண்டும் வேற வேற ரூம். துப்பாக்கில நெருப்பும் பிரஷரும் ஒரே ரூம்ல இருக்கு, பிரஷர் ஏறுனா நெருப்பு சீறும், நெருப்பு சீறுனா பிரஷர் இன்னும் ஏறும், சேஃப்டி வால்வு கிடையாது, ஒரே ஒரு சுவர் தான் நகரும், அது குண்டு. குண்டு முன்னாடி ஓட ஓட ரூம் பெருசாகுது, பிரஷர் இறங்குது. இந்த ரெண்டுக்கும் நடக்கற ஓட்டப்பந்தயம் தான் ஒவ்வொரு குண்டும். குண்டு வெளிய போக ஒரு மில்லி செகண்டுக்கு கொஞ்சம் மேல ஆகும், அதுல பிரஷர் உச்சிக்கு போறது குண்டு அஞ்சாறு சென்டிமீட்டர் நகர்றதுக்குள்ளயே.

இப்ப யோசிங்க. உச்சி அழுத்தம் முதல் அஞ்சாறு சென்டிமீட்டர்லயே முடிவாகிடுது. அந்த நேரத்துல குண்டுக்கு முன்னாடி இருக்கற குழல் அரை மீட்டரா முக்கால் மீட்டரான்னு மருந்துக்கு எப்படி தெரியும்? தெரியாது. அதுக்கு தெரியறது கூடு எவ்ளோ பெருசு, குழல் வாய் எவ்ளோ அகலம், குண்டு எவ்ளோ கனம், எவ்ளோ இறுக்கமா தடுக்குது, அவ்ளோ தான். பெரிய கூடு, சின்ன வாய், கனமான குண்டு, அதுக்கு ஸ்லோ மருந்து. சின்ன கூடு, அகல வாய், லேசான குண்டு, அதுக்கு ஃபாஸ்ட் மருந்து. பேரல் நீளம் இந்த பேச்சுக்குள்ளயே வரல. கிளப்புக்காரர் சொன்னது அங்க தான் இடிக்குது.

அப்ப ஸ்லோ மருந்துல ஸ்பீடு கூடும்னு சொல்றது பொய்யான்னா அதுவும் இல்ல. உச்சி அழுத்தத்துக்கு ஒரு எல்லை இருக்கு, 6.5×55க்கு ஐரோப்பா அளவுல 3800 பார், அமெரிக்காகாரன் இந்த பழைய துப்பாக்கிங்களை நினைச்சு 51,000 பி.எஸ்.ஐ.யோட (அதுவும் அழுத்த அளவு தான்) நிறுத்திக்கறான், அதே ஆளு .308ங்கற இன்னொரு ரைஃபிள் தோட்டாக்கு 62,000 வரைக்கும் விடறான். எல்லை ஒண்ணு தான்னா, கொஞ்சம் ஸ்லோவான மருந்தா எடுத்தா அதே உச்சிக்கு போறதுக்குள்ள கூடுதல் எடை மருந்து கூட்டுக்குள்ள போடலாம், மருந்து ஜாஸ்தின்னா காஸ் ஜாஸ்தி, உச்சி தாண்டுன அப்புறமும் பிரஷர் சட்டுனு விழாம மெதுவா இறங்கும். தள்ளுற பலத்தை தூரத்தோட பெருக்குனா தான் வேலை, அந்த சரிவுல தான் லாபம் இருக்கு. ஆனா அந்த லாபம் சின்ன பேரல்லயும் கெடைக்கும். நீள பேரல்ல கொஞ்சம் ஜாஸ்தி கெடைக்கும், அவ்ளோ தான் வித்தியாசம்.

கணக்கு போட்டே காட்டுனேன் அவருக்கு. கூட்டுக்குள்ள இடம் சுமார் 3.7 சிசி. குழலோட குறுக்கு பரப்பு 0.35 சதுர சென்டிமீட்டர் கிட்ட. குண்டு ஓடற தூரம் 68 சென்டிமீட்டர்னா குழல் கொள்ளளவு 24 சிசி சுத்தி. ஆக குண்டு வெளிய போகும்போது காஸுக்கு கெடைச்ச இடம் முதல்ல இருந்ததை மாதிரி ஏழரை மடங்கு. அதே துப்பாக்கியோட கட்டை மாடல் ஒண்ணு இருக்கு, 1938 மாடல், பேரல் 60 சென்டிமீட்டர், அதுக்கு போட்டா ஆறு மடங்கு. ஏழரைக்கும் ஆறுக்கும் நடுவுல மருந்து வகையவே மாத்தற அளவுக்கு என்ன இருக்கு சொல்லுங்க.

அளவுக்கு மீறி ஸ்லோவா போனா என்ன ஆகும்ங்கறது தான் மாமா நோட்டு. கூடு நிறைஞ்சு வழியற வரைக்கும் மருந்து போட்டாச்சு, இதுக்கு மேல இடம் இல்ல, ஆனா பிரஷர் வேண்டிய இடத்துக்கு போகல. பிரஷர் இல்லன்னா எரிச்சல் இன்னும் மந்தம், எரிச்சல் மந்தம்னா பிரஷர் இல்ல, அதே சக்கரம் இப்ப தலைகீழா சுத்துது. கரும்பு ஆலைல சக்கை ஈரமா வந்தா பாய்லர்காரன் படற பாடு மாதிரி, ஃபர்னஸ் நிறைய சக்கை இருக்கும், சிம்னில கருப்பு புகை, கேஜ் முள்ளு நகராது. இன்னும் நீளமான பேரல் போட்டா சரியாகுமான்னா ஆகாது, பிரஷர் விழுந்த அப்புறம் நீளம் கெடைச்சு என்ன பிரயோஜனம், அந்த குச்சி குச்சியான மருந்து இன்னும் கொஞ்ச தூரம் சேந்து ஓடிட்டு வெளிய விழும்.

இந்த "நீளத்துக்கு ஸ்லோ" பேச்சு எங்க இருந்து வந்துச்சுன்னா எனக்கு தோணறது, காரணத்தையும் விளைவையும் மாத்தி புடிச்சிட்டாங்க. 1860 வாக்குல அமெரிக்காவுல ராட்மன்னு ஒரு ராணுவ அதிகாரி பெரிய பீரங்கிக்கு ஓட்டை போட்ட கட்டி மருந்து செஞ்சாரு, அப்புறம் 1880கள்ல பழுப்பு மருந்துன்னு இன்னும் மெதுவா எரியறது வந்துச்சு, அப்படி மருந்து மெதுவா ஆக ஆக தான் கப்பல் பீரங்கி குழல் நீளமாச்சு. மருந்து முதல்ல, நீளம் பின்னாடி. தலைகீழ் உதாரணம் .22 தோட்டா, துளியூண்டு மருந்து, 40 சென்டிமீட்டர் குழலுக்குள்ளயே அதோட கதை முடிஞ்சுடும், அதுக்கு மேல நீளம் போட்டா உராய்வுல ஸ்பீடு குறையவும் செய்யும்.

நான் சொன்னதை மாமா உடனே ஒத்துக்கல, மாமாவாச்சே. "நீ பேப்பர்ல போடற கணக்கு எல்லாம் சரிடா, நான் போய் சுட்டு பாக்கறேன்"னாரு. நான் ரெண்டு கண்டிஷன் போட்டேன். ஒண்ணு, நோட்டுல ஒவ்வொரு மருந்து அளவுக்கும் மூணு குண்டு தான் சுட்டிருக்கீங்க மாமா, மூணு குண்டுல வித்தியாசத்தை பத்தி எதுவும் பேச முடியாது, குறைஞ்சது பத்து வேணும். ரெண்டு, கிளப்புல யாருகிட்டயாவது அந்த 1938 கட்டை துப்பாக்கி இருந்தா அதுலயும் அதே தோட்டாவை அதே நாள்ல சுடணும், அது தான் ஆட்டத்துக்கே தீர்ப்பு. நீளம் தான் மருந்தை முடிவு பண்ணுதுன்னா கட்டை துப்பாக்கில ஃபாஸ்ட் மருந்து ஜெயிக்கணும் இல்லையா.

மே மாசம் வாட்ஸப்புல பதினோரு நிமிஷ வாய்ஸ் நோட்டு வந்துச்சு. என் 160 வாங்கி, புக்ல இந்த குண்டுக்கு போட்டிருக்கற எல்லைக்குள்ளயே ஏத்தி, என் 140ஐயும் அதோட எல்லைக்குள்ள கட்டி, மிச்சம் இருந்த ரொம்ப ஸ்லோ மருந்தையும் சேத்து, ஒரே குண்டு, ஒரே ப்ரைமர், ஒரே பேட்ச் பித்தளை, ரெண்டு துப்பாக்கி. நீள குழல்ல என் 160 பழைய என் 140ஐ விட செகண்டுக்கு 30 மீட்டர் கிட்ட கூட குடுத்துச்சு. கட்டை துப்பாக்கிலயும் என் 160 தான் முன்னாடி, என்ன, லாபம் 25 மீட்டர் சுத்தி. ரொம்ப ஸ்லோ மருந்து ரெண்டுலயும் கடைசி. வரிசை மாறவே இல்ல. துப்பாக்கிக்கும் துப்பாக்கிக்கும் நடுவுல மட்டும் எந்த மருந்தானாலும் 40 மீட்டர் வாக்குல இடைவெளி, அந்த 14 சென்டிமீட்டர் குழலுக்கு உண்டான கூலி அது. என் 160 கூடுங்க கழுத்துல கரி இல்லன்னு தனியா ரெண்டு தடவை சொன்னாரு.

இதை படிச்சுட்டு, மருந்துங்களை எரியற வேகப்படி வரிசை போட்ட பர்ன் ரேட் சார்ட்டை தொறந்து வெச்சுகிட்டு "என் மருந்துக்கு ஒரு படி கீழ இது இருக்கு, இதையே அந்த அளவுல போட்டுக்கலாம்"னு யாராவது நினைச்சா, மாமா கிளப்புல அடிக்க வருவாங்க. அந்த சார்ட்டு வெறும் வரிசை தான், ரெண்டு பேருக்கு நடுவுல எவ்ளோ இடைவெளின்னு அதுல இருக்காது, கம்பெனிக்கு கம்பெனி வரிசையே மாறும், ஒரே மருந்து ஒரு கூட்டுல ஒரு மாதிரியும் இன்னொரு கூட்டுல வேற மாதிரியும் நடந்துக்கும். ஸ்லோ மருந்து சாது தானேன்னு புக்ல சொன்ன கீழ் அளவுக்கும் ரொம்ப கீழ போடறது அதை விட ஆபத்து, பாதி காலியா இருக்கற கூட்டுல ஸ்லோ மருந்து திடீர்னு பிரஷர் எகிறி துப்பாக்கியே பொளந்திருக்கு, புக்ல அதுக்குன்னே எச்சரிக்கை போட்டிருப்பாங்க. கூடு நிறையற மருந்துல ஒரு நல்லது என்னன்னா தப்பி தவறி ரெண்டு தடவை கொட்டிட்டா வழிஞ்சு கீழ விழுந்து காட்டிக் குடுத்துடும், ஃபாஸ்ட் மருந்து அந்த தயவு காட்டாது.

கட்டை துப்பாக்கிக்காரர் கதை தான் வேடிக்கை. என் 160ல ஸ்பீடு கூடுச்சுன்னு அவருக்கு சந்தோஷம், ஆனா சாயந்திரம் வெளிச்சம் மங்குன அப்புறம் சுட்டா குழல் வாய்ல இருந்து புஸ்வாணம் மாதிரி நெருப்பு, பக்கத்து லேன்காரன் ரெண்டு பேரு முறைச்சிருக்கான். ஸ்லோ மருந்து, கட்டை குழல், குண்டு வெளிய போகும்போது இன்னும் பிரஷர் மிச்சம் இருக்கு, அதெல்லாம் வெளிய வந்து தான் வெடிக்கும். அதோட மருந்து எடையும் சேத்து பின்னாடி உதைக்கும். அவரு என் 140க்கே திரும்பிட்டாரு. குழல் நீளத்துக்காக மருந்து மாத்துறதுன்னா எனக்கு தெரிஞ்சு அதுக்கு இருக்கற ஒரே நியாயமான காரணம் இது தான், அதுவும் ஸ்பீடுக்காக இல்ல, கண்ணு கூசாம இருக்க.

இந்த டிசம்பர் மாமா வந்தப்ப நோட்டை கேட்டு வாங்கி பாத்தேன். மொவே பக்கத்தை கிழிக்கல, பக்கத்துல "பேரல் நல்லா இருக்கு"ன்னு தமிழ்ல எழுதியிருந்தாரு. அடுத்த பக்கம் கிளப் போட்டி ஸ்கோரு, பழைய ராணுவ துப்பாக்கிங்களுக்குன்னு 200 மீட்டர்ல நடத்தறது. என் 160ல சுட்ட ஸ்கோரும் என் 140ல சுட்ட ஸ்கோரும் கிட்டத்தட்ட ஒண்ணு தான். அத்தை அதை எட்டி பாத்துட்டு, "அப்ப ஒரு வருஷமா என்னத்துக்குங்க காசை கரியாக்குனீங்க?"ன்னாங்க. மாமா வடையை எடுத்து வாயில போட்டுகிட்டாரு. மிச்சம் இருந்த ஸ்லோ மருந்தை டப்பா மாத்தாம அப்படியே 7 எம்எம் மேக்னம் வெச்சிருக்கற ஒரு கிளப்புக்காரர்கிட்ட குடுத்துட்டாராம், அந்த பெரிய கூட்டுல அது ஜம்முனு ஓடுதாம், பேரல் இவரோடதை விட சின்னது தான்.